கூண்டு மாறிய குட்டி

அண்ணிக்கு,

"நாள் முழுக்க உன் பொண்ணு என் இடுப்பிலேயே ஒட்டிக்கிட்டு இருக்கா. நீ எப்பதான் வந்து தூக்கிட்டுப் போகப் போறே?" என்று நேற்று போனில் கேட்டீர்கள். சிக்னல் சரியில்லை என்று பொய் சொல்லி போனை வைத்துவிட்டேன்.

ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்வதுதானே என் வேலை. சில தாய் எலிகள் குட்டியை நக்கிக்கொண்டே இருக்கும். சில திரும்பிக்கூடப் பார்க்காது. அப்படிப்பட்ட தாயின் குட்டி சின்னச் சத்தத்துக்கும் வெலவெலத்துப் போகும். தாயானதும் அதுவும் தன் குட்டியை நக்காது. ரத்தத்திலேயே ஊறியது என்றுதான் நினைத்தேன். ஆனால் பிறந்தவுடனே நக்குகிற தாயின் கூண்டுக்கு மாற்றினால், குட்டி வளர்த்தவளைப் போலவே ஆகிவிடுகிறது.

அம்மா எங்களைத் தூக்கி நான் பார்த்ததே இல்லை. அண்ணன் உங்களிடம் வந்து தேறிவிட்டான். பாப்பா அழும்போது என் தோளிலிருந்து தொங்குவது என் கையல்ல, அம்மாவின் கைதான். அவளைத் தூக்க எழவே மாட்டேன் என்கிறது.

அவள் அங்கேயே இருக்கட்டும் அண்ணி. உங்களையே அம்மா என்று கூப்பிடட்டும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். குட்டியை எடுத்த பிறகு, அந்த நக்காத தாய் கூண்டிலுள்ள மரத்தூளையெல்லாம் புரட்டிப் புரட்டித் தேடும். அதைக் குறித்துவைக்கும்படி இங்கே யாரும் சொன்னதில்லை.

இனிமேல்,
பாப்பாவின் அத்தை