தாளின் மறுபக்கம்

மார்ச் 4
எமிட் ஸ்லோன். வயது எழுபத்து மூன்று. இதை என் கையால் எழுதினேன்! நூலகத்தில் பாடம் சொல்லும் பெவர்லி டீச்சர், "தினமும் எழுதுங்க, கை பழகும்" என்றார். ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆகிறது. ஆகட்டுமே.

மார்ச் 5
லெக்சிங்டன் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். என் மூளையில் ஒரு ரத்தக்குழாய் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஊதியிருக்கிறது. வெடித்தால் போச்சு. டாக்டர் ரென்னர் தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, ஊதலுக்குள் பிளாட்டினக் கம்பியைச் சுருள் சுருளாக அடைப்பாராம். ஊதலின் வாய் அகலமாம், சுருள் வெளியே நழுவாமலிருக்க ஸ்டென்ட் என்று ஒரு வலைக்குழாய். நிலக்கரிச் சுரங்கத்தில் கூரைக்கு முட்டுக் கொடுப்போமே, அதேதான். உடனே புரிந்துவிட்டது.

நர்ஸ் ட்ரீசா இரண்டு புட்டி மாத்திரையும் ஒரு தாளும் கொடுத்து, "எல்லாம் இதுல இருக்கு" என்றாள். என் மனைவி ஓபல் வழக்கம்போல் கை நீட்டினாள். ஐம்பது வருஷமாக எனக்கு எல்லாம் படித்துச் சொன்னவள்.

"தொடாதே. நானே படிப்பேன்."

"அடேங்கப்பா, கவர்னர் வந்துட்டாரு!"

மார்ச் 8
மூன்று நாளில் முழுத்தாளையும் படித்துவிட்டேன்! சிகிச்சைக்கு முந்தின ராத்திரிக்குப் பிறகு சாப்பிடக் கூடாது. மோதிரத்தைக் கழற்ற வேண்டும். மாத்திரைகளைக் கையோடு கொண்டுவர வேண்டும். புது மாத்திரைப் புட்டிகள் இரண்டையும் அப்படியே கோட்டுப் பையில் போட்டேன். டீச்சர் கேட்டால் பூரித்துப்போவார்.

மார்ச் 19
இன்று சிகிச்சை நடக்கவில்லை.

காலையில் ட்ரீசா அந்தத் தாளை வாங்கித் திருப்பினாள். பின்னாலும் எழுத்து. பக்கம் முழுக்க. டீச்சர் தரும் தாள்களில் பின்னால் ஒன்றுமே இருக்காது. நான் திருப்பியே பார்க்கவில்லை.

"ஏழு நாள் முன்னாடியிருந்து தினமும் ரெண்டு மாத்திரையும் போட்டீங்கல்ல?"

ஓபல் என்னையே பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டேன்" என்றேன்.

ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "இவர் உடம்புல மருந்து பிடிக்கவே இல்ல. இப்படியே ஸ்டென்ட் வெச்சா அதுல ரத்தம் உறைஞ்சு பக்கவாதம் வந்துடும். இதைவிட வீரியமான மாத்திரை இவர் வயித்துப் புண்ணுக்கு ஆகாது. மண்டையைத் திறந்து கிளிப் போடுறதுதான் வழி."

கோட்டு மடியில் கிடந்தது. புட்டிகள் சத்தம் போடாமலிருக்க அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 20
பொய்யன். இந்தச் சொல்லைப் பிழையில்லாமல் எழுத வருகிறது.

மார்ச் 22
ஓபல் சோளரொட்டி சுட்டபடியே அழுதாள். என் மண்டையைத் திறக்கப்போகிறார்களே என்று. எதற்காக? எனக்குப் படிக்கத் தெரியும் என்று ஒரு நர்ஸ் நினைக்க வேண்டும், அதற்காகவா? சீ.

கோட்டை எடுத்துவந்து புட்டிகளை மேசைமேல் வைத்தேன். மூடி திறக்காதவை. சொன்னேன். தலை நிமிரவில்லை.

ஓபல் இரண்டு புட்டிகளையும் எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். பிறகு, "கிழட்டுக் கழுதை! மண்டையைப் பொளந்தாக்கூடப் பரவாயில்ல, வாயைத் திறக்கமாட்டியா? ஆஸ்பத்திரிக்குப் போனைப் போடு. நான் பேசமாட்டேன், நீயே சொல்லு."

சொன்னேன். படிக்கத் தெரியாமலே வாழ்ந்ததையும், இப்போதுதான் கற்பதையும், பொய்யையும்.

ட்ரீசா பெருமூச்சு விட்டாள். "ஐயா, காலேஜ் படிச்சவங்களே திருப்பிப் பார்க்கறதில்ல. ஆனா நான் கேட்டப்போ சொல்லியிருக்கணும். மண்டை ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சிட்டோமே! டாக்டர்கிட்ட சொல்லி அதை நிறுத்திட்டு, பழைய வழிக்கே வேற தேதி வாங்கறேன்."

மார்ச் 26
முதல் நாள் மாத்திரை. இரண்டு. ஓபல் எதிரில் நின்று, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள்.

ஏப்ரல் 2
இந்த முறை ரத்தச் சோதனை சரி. ஓபலின் கையெழுத்து இல்லை, ஒப்புதல் தாளில் நானே கையெழுத்திட்டேன். இரண்டு பக்கமும் படித்துவிட்டு. எல்லோரும் காத்திருந்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. நிறுத்தவில்லை.

ஏப்ரல் 5
வீடு. தொடையில் பெரிய நீல ரத்தக்கட்டு. தலைக்குள் ஐந்து சுருள், ஒரு முட்டு. மாத்திரை ஆறு மாதம்.

ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் கிளம்பும்போது ட்ரீசா கொடுத்த தாளின் அடியில் பெரிய எழுத்தில் 'திருப்பவும்' என்று அச்சாகியிருந்தது. "உங்களுக்கு மட்டும் இல்ல, இனிமே எல்லாருக்கும்" என்றாள். காது சுட்டது.

திருப்பினேன். மாத்திரை நேரங்கள் மூன்று வரி, அவ்வளவுதான். மிச்சம் காலி. அந்த இடத்தில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.