தோற்றவர் எழும்பவும்

பட்டானிச்சூர்,
வவுனியா.
03.10.2004

அன்புள்ள றிப்காவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் மகளும் சுகம். கட்டாரில் வெயில் கொஞ்சமாவது தணிந்ததா? போன கிழமை போனில், இன்னும் இரண்டு வருடம் வேலையை நீடிக்கட்டுமா என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறக்குமுன் லைன் அறுந்து போய்விட்டது. அந்தக் கேள்விக்குப் பதிலைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் உங்கள் கடையில் எரிகிற நெருப்பைக் கேளுங்கள்.

நீங்கள் அனுப்பிய தோணி விளையாட்டின் மூன்றாவது சீடி வந்து சேர்ந்தது. வந்த நாளிலிருந்து நம் வீடியோ கேம் கடையில் நிம்மதி இல்லை. முதலாவதிலும் இரண்டாவதிலும் ஆளுக்கொரு தோணி. மோதி மற்றவனைக் கவிழ்க்க வேண்டும். இதில் இரண்டு பேருக்கும் ஒரே தோணி. இடப்பக்கத் துடுப்பு ஒருவனுக்கு, வலப்பக்கத் துடுப்பு மற்றவனுக்கு. நீங்களோ "தோற்றவர் எழும்பவும்" என்று பலகை எழுதிச் சுவரில் தொங்கவிட்டுப் போயிருக்கிறீர்கள். இதில் தோற்றவன் எவன்? தோணி கவிழ்ந்தால் இருவருமே, "கவிழ்த்தது அவன், அவன் எழும்பட்டும்" என்று கதிரையோடு ஒட்டிக்கொள்கிறார்கள். பின்னால் முறைக்கு நிற்கிறவர்கள் என் காதைக் கிழிக்கிறார்கள்.

என் தம்பி அஸ்மின் புதியதின் கட்சி. இனிப் பழையதைத் தொடுகிறவனுக்கு மூளையே இல்லையாம்! உழவு மெசின் ஓட்டும் பிரதீபன் பழையதின் கட்சி. ஒரே சைக்கிளில் திரிந்த இரண்டு பேரும் இப்போது முகம் பார்த்துக் கதைப்பதில்லை. பிரதீபன் என்னிடமே சண்டைக்கு வந்தான். "வெல்ல ஆளில்லாத விளையாட்டு என்ன விளையாட்டு அக்கா? நல்ல தோணியைக் கெடுத்துப்போட்டாங்கள்" என்றான். எருமை மாட்டுப் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். பிறகு தலையைக் குனிந்துகொண்டு உங்கள் பேச்சை எடுத்தான். "ரெண்டாவதில சரீப் நானாட பேர்தான் இன்னும் புள்ளிப் பட்டியல்ல மேல நிக்குது. அவர் வந்து என்னோட ஒருக்கா ஓடவேணும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன். புதுசில அவற்ற பேரே இல்லையே" என்றான். திட்ட வந்ததை விழுங்கிவிட்டு ஒரு பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தேன்.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், புதியது அருமை. கடை பூட்டியிருந்த ஒரு மத்தியானம் மகளோடு நானும் உட்கார்ந்து பார்த்தேன். அந்தத் தண்ணீரைச் செய்தவனின் கைக்கு எதையும் கொடுக்கலாம். மழை பெய்தால் ஒவ்வொரு துளிக்கும் ஒரு வளையம் விரிகிறது. விடியும்போது கடல் ஓரத்திலிருந்து மெல்லச் சிவந்து வருகிறது. இரண்டு துடுப்பும் ஒன்றாக விழும்போது கொன்ரோலர் கைக்குள் ஒரு கோழிக்குஞ்சு மாதிரித் துடிக்கிறது. முதற் பாலத்தைத் தாண்டியதும் நான் போட்ட கூச்சலில், பாம்பு கடித்துவிட்டதாக்கும் என்று பக்கத்து வீட்டு ஷிஹானா ராத்தா தடியோடு ஓடி வந்தா. வந்தவ இருந்து பார்த்துவிட்டு அஸர் தொழுகைக்குத்தான் எழும்பிப் போனா.

அதற்குப் பிறகு உங்கள் பலகையில் கை வைத்துவிட்டேன், கோபிக்காதீர்கள். கீழே சோக்கால், "ஒரே தோணி என்றால் இருவரும் எழும்பவும்" என்று எழுதினேன். ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த அஸ்மினையும், கடையில் நின்ற பிரதீபனையும் பிடித்து ஒன்றாக உட்கார வைத்தேன். பழையதில் ஒரு ஓட்டம், புதியதில் ஒரு ஓட்டம், மறுத்தால் கடைப்பக்கமே வரக்கூடாது என்றேன். பழையதில் பிரதீபன் அஸ்மினைக் கவிழ்த்தான். புதியதில் முதலில் இருவரும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டே பாறையில் போய் முட்டினார்கள். பின்பு வாய் ஓய்ந்து, துடுப்புச் சேர்ந்து, வெள்ளத்தையே தாண்டிவிட்டார்கள். எழும்பும்போது பிரதீபன், "மழை மட்டும் வடிவுதான்" என்றான். அஸ்மினுக்கு அதுவே போதும். வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை, ஆனால் பழையபடி ஒரே சைக்கிளில் போய்க்கொண்டேதான் நடக்கிறது.

இனி உங்கள் கேள்வி.

அங்கேயே நில்லுங்கள், நாங்கள் சமாளிப்போம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். சமாளிக்கிறோம்தான், பொய்யில்லை. ஆனால் சேர்ந்து விளையாட ஆள் இல்லாத நேரங்களில் மகள் மற்றக் கொன்ரோலரை உங்கள் கதிரையில் வைத்து, திரையில் உங்கள் பெயரைப் பதிந்துவிட்டுத் தொடங்குகிறாள். ஒரு பக்கத் துடுப்பு மட்டும் போட்டால் அந்தத் தோணி கவிழ்வதில்லை. நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஏன் பிள்ளை இப்படிச் சுற்ற விட்டிருக்கிறாய் என்று நேற்றுக் கேட்டேன்.

"வாப்பா இன்னும் துடுப்பைக் கையில எடுக்கேல்ல உம்மா" என்றாள்.

நோன்புப் பெருநாளைக்கு வந்துவிடுங்கள். திரும்பிப் போகாமல் இருக்க வாருங்கள். அல்லாஹ் உங்களை நல்ல சுகத்தோடு எங்கள் வாசலில் கொண்டுவந்து சேர்ப்பானாக, ஆமீன்.

உங்கள்
ஜொஹறா