மே மாதக் கடைசித் தண்ணீர்

மதினி,

இன்று காலை குழாயில் தண்ணீர் வந்தது. ஒரு வாரமாக ஏய்த்துவிட்டு வந்த தண்ணீர். அண்டா, குடம், வாளி, கடைசியில் இட்லிச் சட்டி வரைக்கும் பிடித்து வைத்தேன். பிறகு குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டபோது பிளீச்சிங் பவுடர் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. பல் விளக்கிக்கொண்டு வந்த சின்னவன் மூக்கை உறிஞ்சி, "ஏம்மா, தண்ணிப் பார்க் வாடை அடிக்குது" என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். வாயில் நுரையோடு கொல்லைப் பக்கம் போய்விட்டான். நான் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஷூ சீசன் மறுபடியும் வந்துவிட்டது. உங்கள் தம்பியும் உங்கள் வீட்டுக்காரரும் கடையே கதி என்று கிடக்கிறார்கள். நேற்று இரண்டு பேருக்கும் மதியச் சோறு கொடுத்துவிட்டேன், தூக்குவாளி திறக்காமலே திரும்பி வந்தது. பள்ளிக்கூடம் திறக்கப்போகிற இந்த ஒரு வாரம்தான் செருப்புக் கடைக்காரனுக்கு அறுவடை என்று அவர்கள் சொல்வார்கள். நமக்கு அதே ஒரு வாரம்தான் விடுதலை என்று நீங்கள் சொல்வீர்கள். உங்கள் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு நான் பேகம்பூருக்கு வந்த வருடத்திலிருந்து இதுதானே நடந்தது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கறுப்பு ஷூவுக்கு நம் கடை வாசலில் வரிசை கட்டி நிற்கும். கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஆத்தூர் அணைக் கரையில் ஓடிக்கொண்டிருக்கும். எல்லாம் முடிந்து நாம் கடைக்குப் போனால் மிஞ்சின சைஸ்தான் கிடைக்கும். உங்கள் ரிஸ்வானா ஒரு வருடம் முழுக்கப் பஞ்சு அடைத்த ஷூவோடு பள்ளிக்கூடம் போனாள்.

"லீவு முடியறதுக்குள்ள புள்ளைக உடம்புல ஓடுற தண்ணி படணும் புள்ள. இல்லாட்டி வருஷம் பூரா சூடுதான்" என்பீர்கள். தக்காளிச் சோறும் கறி வறுவலும் கட்டிக்கொண்டு, வாடகை வேனில் ஒரு நாள் அணை, ஒரு நாள் அருவி என்று கிளம்பிவிடுவோம். பிள்ளைகள் குளிப்பார்கள். நாம் இருவரும் கரையில் பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவல். உங்களுக்குத் தண்ணீர் என்றால் அவ்வளவு ஆசை, அது எனக்குத் தெரியும். ஆனால் கணுக்காலுக்கு மேல் ஒரு நாளும் இறங்கியதில்லை. வாங்க மதினி என்று நான் கையைப் பிடித்து இழுத்தால், "துணி ஒட்டும். ஊரே பாக்கும். செருப்பப் பாரு, நாய் தூக்கிட்டுப் போயிரும்" என்று பேச்சை மாற்றுவீர்கள்.

பிறகு மதுரை ஆஸ்பத்திரியில் உங்கள் இடது மார்பை எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு புண்ணுக்கு மருந்து போட்டது நான். வேறு யாரையும் நீங்கள் விடவில்லை. பெற்ற மகளைக்கூட வெளியே அனுப்பித் தாழ்ப்பாள் போடச் சொன்னீர்கள். முதல் நாள் கட்டைப் பிரித்துவிட்டு, மருந்தை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டே, "என்னத்த அம்புட்டுப் பாக்குற, போடு" என்றீர்கள். அழுகையை அடக்கிக்கொண்டு போட்டேன். நலம் விசாரிக்க வந்தவர்கள்தான் உங்களைக் கொன்றார்கள். பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வருவார்கள், நல்ல வார்த்தைதான் பேசுவார்கள். ஆனால் கண் மட்டும் சொல்பேச்சுக் கேட்காமல் கீழே இறங்கும். அவர்கள் போன பிறகு நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "பாத்தியா புள்ள. மூஞ்சியப் பாத்துப் பேசுறவ ஒருத்தியும் இல்ல."

அதற்குப் பிறகு வீட்டுக்குள்ளேயே தடித்த துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு நடமாடினீர்கள். பங்குனி வெயிலிலும் அதை எடுக்கவில்லை. கல்யாண வீடுகளுக்கு என்னை அனுப்பிவிட்டு மொய் மட்டும் கொடுத்துவிட்டீர்கள். எங்கே போனாலும் முதல் பந்தியில் உட்கார்ந்து, பிரியாணியில் உப்பு கூடவா குறைவா என்று தீர்ப்புச் சொல்லுகிற மனுஷி நீங்கள்.

ஊசியில் கொட்டின முடி திரும்ப வளர்ந்து வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம். போன வருடம் விடுமுறையில் மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி திரும்ப வந்துவிட்டது என்றார் டாக்டர். ஜூனில் மறுபடியும் ஊசி ஆரம்பிக்க வேண்டும். வீடு திரும்பும் பஸ்ஸில், கொடைரோடு தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடியே, "இந்த வருஷம் நான் குளிக்கணும்" என்றீர்கள். எதைச் சொல்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. "புள்ளைகளோட. தண்ணிக்குள்ள எறங்கி. ஒரு தடவயாச்சும்."

முதல் நாள் ஆத்தூர் அணைக்குப் போனோம். அணை என்று பெயர்தான் இருந்தது. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் ஒரு குட்டை, அதைச் சுற்றி ஆடுகள். நீங்கள் கரையில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் நம் பைகளைப் பார்த்துவிட்டு, "குளிக்கவா வந்தீக? மே மாசத்துல ஏதும்மா தண்ணி. ஐப்பசிக்கு வாங்க, ரொம்பி வழிஞ்சு மறுகா போகும்" என்றார். "ஐப்பசிக்கா" என்று திருப்பிக் கேட்டுவிட்டுச் சிரித்தீர்கள். நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. சோற்றை அங்கேயே ஒரு புளியமரத்தடியில் தின்றுவிட்டுத் திரும்பினோம்.

மறுநாள் கும்பக்கரை. முந்தின இரவு மலையில் நல்ல மழை. அருவி கொட்டுகிற சத்தம் வாசலிலேயே கேட்டது. பிள்ளைகள் வேனை விட்டுக் குதித்தார்கள். வாசலில் நின்ற காவலர், "வெள்ளம் வருதும்மா, குளிக்க விட மாட்டோம்" என்று கையை விரித்துவிட்டார். நீங்கள் அவரிடம் சண்டை போடவில்லை. வெகு நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, வேனில் ஏறி உட்கார்ந்து, "இல்லாத எடத்துல இல்லேங்குறாக. இருக்குற எடத்துல இருக்குங்குறாக. எங்கதான் போறது" என்றீர்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வத்தலக்குண்டு வரும்வரை நீங்கள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே வந்தீர்கள்.

மூன்றாம் நாள் அந்தத் தண்ணீர்ப் பார்க்குக்குப் போகலாம் என்றது ரிஸ்வானாதான். அவளுக்கு உங்கள் ஆசை தெரியாது. அவள் ஆசையைத்தான் சொன்னாள். பெண்களுக்கென்று மதில் கட்டின தனிக் குளம் இருக்கிறது என்று தோழி சொன்னாளாம். வாசலில் சீட்டுக் கொடுத்த பெண் நம்மை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "காட்டன் துணியோட தண்ணியில எறங்க முடியாதுங்கக்கா. சுடிதார், புர்கா, சேலை எதுவும் கூடாது. நைலான்தான். அங்க வாடகைக்குக் கிடைக்கும்" என்றாள். முடிந்தது கதை என்று நினைத்தேன். நீங்கள் திரும்பி வேனைப் பார்த்து நடப்பீர்கள், நானும் பின்னால் வருவேன் என்று பையைத் தூக்கினேன். நீங்கள் அந்த வாடகைக் கடைக்குப் போய், தொங்கிக்கொண்டிருந்த ஊதா நிற முழுக்கைச் சட்டையைத் தடவிப் பார்த்தீர்கள். "இது ஒட்டாதாம்மா?" என்று கடைக்காரப் பெண்ணைக் கேட்டீர்கள். "ஒட்டாதும்மா. தொளதொளன்னு நிக்கும்." "அப்ப ரெண்டு குடு."

எனக்கு எதற்கு, நான் பையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "பைக்கு லாக்கர் வச்சிருக்கான். வாரியா, வம்பு பண்றியா" என்று அதட்டினீர்கள்.

உடை மாற்றுகிற அறையில் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. என் துப்பட்டாவை விரித்துத் திரை பிடித்தேன். நீங்கள் வழக்கமாக இடது பக்கம் மடித்து வைத்துக்கொள்ளும் கைக்குட்டையைக் கையில் எடுத்து யோசித்தீர்கள். "இது தண்ணியில ஊறுனா எறங்கிரும். இல்லாதது இல்லாததாவே இருக்கட்டும்" என்று அதை என் பையில் போட்டீர்கள். சட்டை ஒரு பக்கம் தட்டையாக விழுந்தது. அந்த நேரம் பார்த்து ரிஸ்வானா திரைக்குள் தலையை நீட்டிவிட்டாள். பார்த்துவிட்டாள். அவள் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு உள்ளே வந்து, உங்கள் கழுத்துப் பட்டனைப் போட்டுவிட்டு, சட்டையைக் கீழே இழுத்துச் சரிசெய்து, "வாம்மா, அலை விடப் போறாங்க" என்றாள். அந்தப் பிள்ளையை அப்படி வளர்த்தது நீங்கள்தான்.

குளத்துக்குள் போனால் என் வயது, உங்கள் வயது, அதற்கும் மேல் என்று எத்தனை பெண்கள். எல்லாருக்கும் அதே ஊதாச் சட்டை, அதே தொளதொளப் பேன்ட். ஒரே மூட்டையில் இருந்து கொட்டின உருளைக்கிழங்கு மாதிரி இருந்தோம். சங்கு ஊதினார்கள், அலை வந்தது. நீங்கள் ஒரு கையில் ரிஸ்வானாவையும் இன்னொரு கையில் என்னையும் பிடித்துக்கொண்டீர்கள். முதல் அலை நம்மை உட்கார வைத்துவிட்டது. மூக்கில் தண்ணீர் ஏறி இருமினீர்கள், இருமிக்கொண்டே சிரித்தீர்கள். சின்னப் பையன்களாயிற்றே என்று உள்ளே விட்டிருந்த என் இரண்டு வாலுகளும் உங்கள் மேல் தண்ணீரை வாரி அடித்தார்கள். அடுத்த அலைக்குள் என் காதருகே குனிந்து, "புள்ள, ஒருத்தியும் பாக்கல" என்றீர்கள். உங்கள் கண் சிவந்திருந்தது. பிளீச்சிங் தண்ணீராலா வேறு எதனாலா என்று நான் கேட்கவில்லை. மாலை வரைக்கும் உங்களைக் கரையேற்ற முடியவில்லை.

தலை துவட்டும்போது நீங்கள் அதைக் கேட்டீர்கள். சோறு போடு என்பது போலத்தான் கேட்டீர்கள். "எனக்கு மவுத்தாச்சுன்னா நீதான் வந்து தண்ணி ஊத்திக் குளிப்பாட்டணும். ஊர்ப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் வந்து நிப்பாளுக. அவளுக பாக்கக் கூடாது." சும்மா இருங்கள், நல்ல நாளும் அதுவுமாக என்ன சாவுப் பேச்சு என்று எரிந்து விழுந்தேன். "அதுக்கு டிக்கெட்டும் கெடயாது, நைலானும் கெடயாது. அதான் சொல்லி வைக்கிறேன்" என்று சிரித்துவிட்டு முடியை முடிந்துகொண்டீர்கள்.

நேற்று இரவு ரிஸ்வானா வந்திருந்தாள். மாமி, இந்த வருடம் எங்கே போகிறோம் என்று கேட்டாள். கடையில் அத்தாவுக்கு ஒத்தாசையாக ஷூ எடுத்துக் கொடுத்துக் கொடுத்து இடுப்பு ஒடிந்துவிட்டதாம். முதல் முறையாக இந்த வருடம் தன் சைஸில் ஷூ எடுத்து வைத்துக்கொண்டாளாம். அவள் இல்லாத நேரத்தில் அழுதுகொள்ளலாம் என்று அடக்கிவைத்து, போவோம் என்று சொன்னேன். ஆனால் போவதற்கு முன்னால் உங்களுக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்டதை நான் செய்தேனா என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் போனது ஐப்பசியில். அன்று மழை விடவே இல்லை. ஆத்தூர் அணை நிறைந்து மறுகால் போகிறது என்று துக்கத்துக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். குளிப்பாட்டுகிற அம்மா வந்து இலந்தை இலை போட்டு வெந்நீர் வைக்கச் சொன்னார். உங்களைக் கிடத்தியிருந்த பின்கட்டில் பத்துப் பதினைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். பழம் வாங்கி வந்தவர்கள், ஹார்லிக்ஸ் வாங்கி வந்தவர்கள், எல்லாரும் இருந்தார்கள். எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியவில்லை. "எல்லாரும் செத்த நேரம் வெளிய இருங்க" என்றேன். உங்கள் பெரியம்மா மகள் முறைத்தாள். முறைத்துக்கொள்ளட்டும் என்று கதவைச் சாத்தினேன். உள்ளே அந்த அம்மா, நான், ரிஸ்வானா. வேறு ஒருவரும் இல்லை.

உங்கள் மேல் போர்த்தியிருந்த துணிக்கு மேலாகத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த அம்மா ஒரு செம்பு ஊற்றினார். துணி நனைந்து உங்கள் மேல் ஒட்டப் பார்த்தது. நான் ஒரு பக்கமும் ரிஸ்வானா ஒரு பக்கமும் துணியின் ஓரங்களைப் பிடித்துத் தூக்கிக்கொண்டோம். அந்த அம்மா அடியில் கையை விட்டுக் கழுவினார். அவரும் குனிந்து பார்க்கவில்லை. ஊற்ற ஊற்றத் துணி கனத்தது, கை கடுத்தது. ரிஸ்வானா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடைசிச் செம்பு வரைக்கும் நாங்கள் அதைக் கீழே விடவில்லை. ஒரு முறைகூட அது உங்கள் மேல் ஒட்டவில்லை.

இன்று காலை குடத்தைத் தூக்கியபோதும் அந்த ஈரத் துணியின் கனம்தான் கையில் இருந்தது. இனி எந்தத் தண்ணீரைத் தூக்கினாலும் அது இருக்கும் என்று தோன்றுகிறது. இருக்கட்டும். அன்று கபன் துணி சுற்றுவதற்கு முன்னால் உங்கள் காதருகே குனிந்து சொன்னேன், உங்களுக்குக் கேட்டிருக்காது. அதனால் இங்கே மறுபடியும் சொல்கிறேன்.

ஒருத்தியும் பாக்கல, மதினி.