வாய்க்கால் கீரை

என்னங்க,

கடலில் சிக்னல் கிடைத்ததும் இதைப் படியுங்கள். நம் ஆமை இன்று காலையில் செத்துக் கிடந்தது. வெயிலா? கூண்டு நிழலில்தான் இருந்தது. கொசுமருந்துப் புகையா? புகை அடித்த அன்று ஆமையை உள்ளே தூக்கி வைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டுக் குமுதாக்கா, "நேத்து என்னா போட்ட?" என்றார். செம்பனைத் தோட்டத்து வாய்க்காலில் வழக்கமாகப் பறிக்கும் கங்கோங் கீரைதான் என்றேன்.

"ஐயோ, அங்க முந்தாநாளு புல்லு சாக மருந்து அடிச்சாங்க லா!"

நன்றாகக் கழுவினேனே.

மீதிக் கீரையை நேற்று பிரட்டினேன். எனக்குப் பசியில்லை; பாப்பாதான் எல்லாவற்றையும் சாப்பிட்டாள். இப்போது விளையாடிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகக் கோல சிலாங்கூர் டவுனிலிருந்து கார் வரச் சொன்னேன், இன்னும் காணோம்.

ஆமை ஏன் செத்தது என்று கேட்டாள். வெயில் என்று சொல்லியிருக்கிறேன். உங்களிடம் கேட்டாலும் அதையே சொல்லுங்கள்.

அவளையே பார்த்துக்கொண்டு,
உங்கள் மனைவி