மேலே கிடந்த சங்கிலி

பிரெவேசா,
2 ஜூலை 1994

கோபத்திலும் அழகான அக்கா அஸ்பசியாவுக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், அங்கே உன்னோடு சண்டை போட ஆள் இல்லையே. வருகிற சனிக்கிழமை சாயங்காலம் நம் படகு உன் அர்மிராத் தீவுத் துறைக்குள் நுழைகிறது. டச்சுக்காரர்கள் எட்டுப் பேர், அதில் இரண்டு குழந்தைகள். எட்டுப் பயணிகள் என்றால் எனக்கு எண்பது பணிகள்: சமையல், கயிறு, கழிப்பறை அடைப்பு. போன வாரம் ஒரு பெரியவரின் தொப்பிக்குள் உயிருள்ள நண்டை வைத்தேன். அவர் அலறினார், எனக்குச் சிரிப்பே வரவில்லை. அவ்வளவு அலுப்பு, பார்த்துக்கொள்.

அப்பா உன் பெயரைச் சொல்வதில்லை. "அந்தத் தீவுக்காரி படகு ஓடுதா?" என்று கடலிடம் கேட்கிறார். நீ அவரை "உன் கேப்டன்" என்கிறாய். மூன்று வருஷமாக உங்கள் நடுவில் நான் தபால்பெட்டி, உப்புக்காற்றில் துருப்பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு தடவை அவரோடு பேசு அக்கா. "எப்படி இருக்கீங்க" போதும். ஞாயிறு காலையில் எங்கேயும் போகாமல் துறையிலேயே இரு.

உன் துறையில் இருக்கும் போலிக்செனியின் சாப்பாட்டுக் கடைக்குப் போன் செய்திருக்கலாம். ஆனால் அவள் ரிசீவரை எடுத்தால் தீவு முழுக்க ஒலிபரப்பு.

உன்
ரினியோ
(வயது பதினாறு, முதுகுக்கு அறுபது)


அர்மிரா,
5 ஜூலை

அன்பு ரினியோ,

கடிதம் கிடைத்தது. நண்டை நினைத்துத்தான் வருத்தப்பட்டேன்.

வாருங்கள், துறை யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் பேச்சு வேண்டாம். பதினோரு பயணிகளுக்கு முன்னால், "காத்துக்குப் பயந்தவ இறங்கு, என் படகுல உனக்கு இடமில்ல" என்றவர் அவர். அந்தக் காற்றில் போகக் கூடாது என்று நான் சொன்னது சரி. அவர் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததும் சரி. இரண்டு பேரும் சரியாக இருந்துவிட்டால் சமாதானத்துக்கு வழியே இல்லை. ஞாயிறு ஏழு மணிக்கு என் படகில் சுற்றிப்பார்க்க வந்த ஆட்களை ஏற்றிக்கொண்டு கடல் குகைப் பக்கம் போய்விடுவேன்.

மத்தியானத்துக்கு மேல் இங்கே காற்று அதிகம், இடமும் நெருக்கடி. எல்லோரையும் போல முன்னால் நங்கூரத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைக் கரையில் கட்டுங்கள். சங்கிலி நேராக விழட்டும். அடுத்தவன் சங்கிலிமேல் குறுக்கே விழுந்தால், மேலே கிடப்பதைத் தூக்கும்வரை கீழே இருப்பவன் நகர முடியாது. உன் கேப்டனுக்குத் தெரியாததல்ல. நீ உன் கைவரிசையை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வா.

அஸ்பசியா


அர்மிரா,
12 ஜூலை

ரினியோவுக்கு,

அன்பு என்று எழுதக் கை வரவில்லை.

ஞாயிறு காலை என் சங்கிலியை இழுத்தால், அதன்மேல் உங்கள் சங்கிலி குறுக்கே கிடக்கிறது. நீ என் படகுக்கு ஓடிவந்து இளித்துக்கொண்டு காதில் சொல்கிறாய்: "நாந்தான் குறுக்க போட்டேன். இப்பவாவது பேசித் தொலைங்க!" என் ஆட்கள் ஆறு பேரும் காத்திருந்து வேறு படகில் போனார்கள்.

நான் வாய் திறக்கவில்லை. கையால்தான் காட்டினேன்: தளர்த்து, நிறுத்து, இழு. நீ அங்கே அவர் பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு சைகையையும் கிளி மாதிரி கத்தினாய். "தளர்த்தச் சொல்றாங்க! போதுமாம், நிறுத்தச் சொல்றாங்க!" துறையே சிரித்தது. அவரோ ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்பது நிமிஷம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இனி எனக்கு எழுதாதே.

அஸ்பசியா


பிரெவேசா,
15 ஜூலை

அக்கா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். இதில் வேடிக்கை எதுவும் இல்லை, தேடாதே.

நங்கூரத்தை நான் போடவில்லை. நான் பின்பக்கம் கயிற்றோடு நின்றிருந்தேன். போட்டது அப்பா. உன் சங்கிலி எந்தப் பக்கம் போகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அவருக்குக் கண் தெரியவில்லை அக்கா, பனிக்காலத்திலிருந்தே. வெளிச்சம் தெரியும், நிழல் தெரியும். முகம் தெரியாது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று, செத்துப்போன அம்மாவின் எலும்புமேல் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

அதனால் நான் பக்கத்தில் நின்று, "இடது பக்கம் மிதவைப்பா", "முன்னால வலைப்பா" என்று முணுமுணுத்துக்கொண்டே வருகிறேன். நான் பாடுகிறேன் என்று பயணிகள் நினைக்கிறார்கள். எது கோணலாகப் போனாலும் என் குறும்பு என்று சொல்லிவிடுவேன். எல்லோரும் உடனே நம்புகிறார்கள். நீயும் நம்பினாய்.

அன்று கத்தியது உன்னைக் கேலி செய்ய அல்ல. உன் கை அவருக்குத் தெரியாதே. நீ பேசமாட்டேன் என்றதால், "அவ படகு எங்கடி?" என்று சனிக்கிழமை அவர் கேட்டபோது, நீ குகைப் பக்கம் போய்விட்டதாகச் சொல்லிவைத்திருந்தேன்.

துறையைத் தாண்டியதும் கேட்டார்: "அந்தப் பக்கம் சங்கிலி இழுத்தது யாரு? ஒரு எடத்துலகூட அவசரப்படல. வேலை தெரிஞ்ச ஆளு." யாரோ வெளியூர்க்காரன் என்றேன். "வெளியூர்க்காரனா!" என்று ரொம்ப நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

இருபத்தைந்தாம் தேதி பதினான்கு பேர் ஏறுகிறார்கள். என்னால் முடியவில்லை அக்கா.

ரினியோ


அர்மிரா,
19 ஜூலை

என் ரினியோ,

உன்னைத் திட்டியதை எல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் தேவலை. எதிரே நாற்பது நிமிஷம் நின்றிருக்கிறேன், எனக்கு எதுவும் தெரியவில்லை.

சத்தியம் போனால் போகட்டும், அம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமைக் கப்பலில் வருகிறேன். அந்தப் பதினான்கு பேரிடமும் நானே பேசுகிறேன். யோவானினாவில் நல்ல கண் டாக்டர் இருக்கிறார், கூட்டிக்கொண்டு போகிறேன். உன் கேப்டன் கத்துவார், கத்தட்டும். நீ அன்று முழுக்கத் தூங்கு.

அடுத்த தாளில் இருப்பது அவருக்கு. உரக்கப் படி. ஒரு வார்த்தையும் கூட்டாதே, குறைக்காதே.

அக்கா


அப்பா,

அன்று எதிர்ப் படகில் சங்கிலி இழுத்தது நான்தான். பேசக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். நீங்கள் என்னைப் பார்க்க விரும்பவில்லை என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். அதுவரை படகை அவிழ்க்க வேண்டாம். எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை, உங்களுக்கும் போயிருக்காது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கப்பலை விட்டு இறங்கியதும் உங்களைக் கூப்பிடுகிறேன். குரல் வரும் பக்கம் திரும்புங்கள்.

அஸ்பசியா