விரலுக்கு வேலையில்லாத கருவி

கடிதம் எண் 47
14 மே 2024, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 10.20

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்கு உண்டு, வேளைக்கு உறங்கி, அதே சுகத்தோடு இருக்க வேண்டும். தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் பாதியில் உன் அம்மா பிடுங்கிக்கொள்வாள். இதுவோ முறைப்படி சொல்ல வேண்டிய செய்தி. கப்பிகள் வைத்த என் காம்பவுண்ட் வில்லுக்கு, நாணைப் பிடித்திழுத்து விடும் ரிலீஸ் கருவியைத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

சென்ற மாதம் 21ஆம் தேதிப் போட்டியில் கடைசி அம்பை நான் இலக்குப் பலகைக்கு வெளியே அனுப்பி, எங்கள் மூவர் அணியின் கோப்பையைக் கைநழுவவிட்டதை அறிவாய். அணியிலுள்ள பல் மருத்துவர் இன்றும் என்னைக் கண்டால், "என்ன சார், அந்த அம்பு ஊர் போய்ச் சேர்ந்துச்சா?" என்கிறார். வரும் ஞாயிறு, 19ஆம் தேதி, மறுபடி போட்டி, அதே மூவர். நான் வில்லைக் குறை சொன்னேன், மூக்குக்கண்ணாடியைக் குறை சொன்னேன். பயிற்சியாளர் அம்மாள் அருகில் நின்று பார்த்துவிட்டு, "வில்லு நல்லாத்தான் இருக்கு சார். குறிபார்க்குற புள்ளி நடுவுல வந்ததும் விசையை லபக்குன்னு அமுக்குறீங்க, அதுல கையே ஆடிப்போகுது" என்றார். எதையும் குறித்த நொடியில் முடித்தே பழகிய கை, அதுவே வினையாயிற்று. என்னுடையது மணிக்கட்டில் கட்டி ஆள்காட்டி விரலால் இழுப்பது. அதை மாற்றி, கட்டைவிரல் பொத்தான் உள்ளதைக் கொடுத்தார். இரண்டே நாளில் அந்த அவசரம் கட்டைவிரலுக்குக் குடிபெயர்ந்தது. பிறகு விசையே இல்லாத ஒன்றைக் கொடுத்தார். நாணை முழுதும் இழுத்து முதுகை இறுக்கிக்கொண்டே போனால், அது உள்ளங்கையில் மெல்லத் திரும்பி, தானே நாணை விட்டுவிடும். எந்த நொடியில் என்று இழுப்பவனுக்கே தெரியாது. தெரியாமல் எப்படி என்று அவரோடு வழக்காடினேன். முதலில் வில் இல்லாமல், வெறும் கயிற்று வளையத்தை இழுத்துப் பழகச் சொன்னார். வீட்டில் பழகுகையில் கருவி முந்தித் திரும்பிக் கயிற்றை விட்டுவிட, என் குத்து என் தாடையிலேயே விழுந்தது. சத்தம் கேட்டு வந்த உன் அம்மா, "நாப்பது வருஷமா நான் ஆசைப்பட்டதை நீங்களே செஞ்சுக்கிட்டீங்க" என்றாள்.

நேற்று மாலை மைதானத்தில் குறிபார்க்கும் புள்ளி இலக்கின் நடுவைச் சுற்றி ஆடியது. ஆடட்டும் என்று விட்டுவிட்டு முதுகை மட்டும் இறுக்கினேன். மகளே, திடீரென்று அம்பு போயிருந்தது; இலக்கின் மஞ்சள் வட்டத்தின் நடுவில் நின்றது. அடுத்ததும் அதன் தோளை உரசிக்கொண்டு நின்றது. பிறர் வாயைத் திறக்கச் சொல்லியே பிழைத்த பல் மருத்துவர், யாரும் சொல்லாமல் தம் வாயைத் திறந்தார். இன்று காலைவரை என் கால் தரையில் பாவவில்லை. ஆனாலும் என்னை நான் அறிவேன்: ஞாயிறன்று கடைசி அம்பில் பயம் வந்தால், கை பழைய கருவியைத் தேடும். உன் அம்மாவிடம் ஒப்படைத்தால் கெஞ்சி வாங்கிவிடுவேன். ஆகவே கீழே குறித்த மூன்றாவது பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள். நானே திருப்பிக் கேட்டாலும் அனுப்பாதே. கணினி முன் கூன் போட்டு உட்காராதே, முதுகு பெரிய சொத்து. இருவரும் எல்லா நலனும் பெற்று நீடு வாழ்க.

உன் அன்புள்ள
அப்பா

இணைப்பு:
1. நேற்றைய இலக்குத் தாள் (நடுவில் இரண்டு துளைகள்).
2. அம்மாவின் கடிதம், ஒரு பக்கம். நான் படிக்கவில்லை. தாடையைப் பற்றி எழுதியிருந்தால் நம்பாதே.
3. என் பழைய ரிலீஸ் கருவி, மணிக்கட்டுப் பட்டையுடன்.