கடைசிப் பனியில் ஒரு கோல்

மார்ச் 14, 2020, சனி

சறுக்குக் காலணிகளைத் தீட்டக் கொடுத்து வாங்கிவந்தேன். கடைக்காரன் 'இந்த வயசிலயா' என்று வாயால் கேட்கவில்லை, பார்வையால் கேட்டான். இந்த வயதில்தான் என்று நானும் பார்வையாலேயே சொல்லிவிட்டு வந்தேன்.

மாய்லிஸ் காபிக்கு வந்தாள். சுவீடன் பக்கத்து ஹாபராண்டாவிலிருந்து பின்லாந்துப் பக்கத்து என் வீட்டுக்குக் கால் மணி நடை. அவள் அங்கே ஒரு மணிக்குக் கிளம்பினால் இங்கே இரண்டே காலுக்கு வந்து சேருவாள். அவர்கள் கடிகாரம் எங்களுக்கு ஒரு மணி நேரம் பின்னால். சிறுவயதிலேயே இதற்கு ஒரு வழி செய்துகொண்டோம்: யார் கூப்பிடுகிறாளோ அவள் அடுத்தவளின் மணியில் சொல்ல வேண்டும். இதுவரை ஒருமுறைகூடத் தவறியதில்லை.

எங்கள் ஊர் வழக்கப்படி காபியில் ஊறப்போட்ட பாலாடைக்கட்டியைக் கரண்டியால் குத்திக்கொண்டே செய்தியைச் சொன்னாள். வீட்டை விற்றுவிட்டாளாம். மே மாதம் நடுவில் மால்மோவுக்கு, மகளிடம் போய்விடுகிறாள். இடுப்பு எலும்பு, படிக்கட்டு, தனிமை என்று காரணங்களை அடுக்கினாள். எல்லாமே நியாயமான காரணங்கள். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

"இருபத்தெட்டாம் தேதி ஆடுறதுதான் நமக்குக் கடைசி ஆட்டம். உனக்கு ஒரு கோல் போடாம மால்மோவுக்குப் போகமாட்டேன், பாத்துக்க" என்றாள்.

இருபத்தைந்து வருடமாக இதையேதான் சொல்கிறாள். பயிற்சியில் போட்டிருக்கிறாள், நிறையவே. ஆனால் மார்ச் கடைசியில் எல்லை ஓடையின் உறைபனிமேல் மட்டையும் பந்துமாக ஆடும் ஆட்டத்தில், நான் காக்கும் கோலில் ஒன்றுகூட இல்லை.

மார்ச் 19, வியாழன்

வேலி போட்டுவிட்டார்கள்.

நேற்றுவரை சதுக்கத்தைக் குறுக்கே நடந்தால் சுவீடன். இன்று தொற்றுநோயைத் தடுக்க நடுவில் ஆளுயரக் கம்பி, பச்சைச் சீருடைக்காரர்கள். இருநூறு வருடத்துக்கு முன்னால் ருஷ்யச் சக்கரவர்த்தி எங்கள் ஊர் தோர்னியோ வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாராம். ஆற்றோடு போயிருக்க வேண்டிய கோடு ஊருக்குப் பின்னால் இந்தச் சதுப்போடைக்கு வந்தது. ஊரை இழந்தவர்கள் ஓடைக்கு அந்தப்பக்கம் ஹாபராண்டாவைக் கட்டிக்கொண்டார்கள். பள்ளியில் மனப்பாடம் செய்த பாடம். கோடு எங்கே என்று யாராவது கேட்டிருந்தால் காட்டத் தெரிந்திருக்காது. இப்போது நாய்க்கும் தெரியும்.

நான் அந்தப்பக்கம் போகக்கூடாது என்றில்லை. போகலாம். திரும்பினால் இரண்டு வாரம் வீட்டோடு இருக்க வேண்டும். அவர்கள் பக்கம் எல்லாம் திறந்தே இருக்கிறது, நோயும் சேர்த்து. வீட்டில் என் கணவர் எஸ்கோ இருக்கிறார். முப்பது வருடம் எஃகு ஆலையின் உலைப் பக்கம் நின்ற நுரையீரல் அவருடையது. மாடிப்படியில் பாதி ஏறி நின்று மூச்சு வாங்குகிற மனிதருக்கு என்னத்தைக் கொண்டுவந்து கொடுப்பேன்? மாய்லிஸோ இங்கே வரவே முடியாது.

மார்ச் 20

எஸ்கோவின் முதல் கவலை: உதட்டுக்குள் அதக்கும் புகையிலை அந்தப்பக்கம்தான் விற்கிறது.

மார்ச் 28, சனி

இன்று ஆட்ட நாள். ஆட்டம் இல்லை.

நல்ல வெயில், நல்ல பனி. ஒருபக்கக் கோல் கம்பங்களைப் பின்லாந்தில் வைத்து மறுபக்கக் கம்பங்களைச் சுவீடனில் வைப்போம். ஏழு மணிக்கு அடித்த பந்து ஆறு மணிக்குப் போய் விழும் என்று வருடா வருடம் யாராவது ஒருத்தி சொல்லுவாள், வருடா வருடம் சிரிப்போம்.

எங்கள் அணி ஆலையோடு வந்தது. ஆலை திறந்தபோது ஊரில் பாதிக்கு வேலை கிடைத்தது, பெண்களுக்கும்தான். நான் பாரந்தூக்கி ஓட்டினேன். மாய்லிஸ் தினமும் எல்லை தாண்டி வந்து எடைமேடையில் உட்காருவாள். இங்கிருந்து ஆறு பேர், அங்கிருந்து ஐந்து பேர், பதினொன்று ஆயிற்று. மற்றவர்களுக்கெல்லாம் வளைந்த மட்டை. கோல் காத்த எனக்கு மட்டை கிடையாது, கையுறை மட்டும்தான். கன்றிப்போகாத இடம் என் உடம்பில் இருந்ததில்லை. பெரும்பாலும் தோற்றோம். தோற்றுவிட்டு நீராவிக் குளியலறையில் பதினொரு பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்து எதிரணியைத் திட்டுவோம். அந்த வெக்கையும், உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் இலைக்கொத்தின் வாசமும் இப்போதும் மூக்கில் இருக்கிறது. உள்ளரங்கம் கட்டினார்கள், பெண்பிள்ளைகள் எல்லாம் ஐஸ் ஹாக்கிக்குப் போய்விட்டார்கள், அணி கலைந்தது. மிச்சமானது இந்த ஒருநாள் ஆட்டம். அதில் நாங்கள் ஊருக்கு ஊர் எதிரிகள்.

அம்மாவையும் நினைத்துக்கொண்டேன். நாற்பத்துநான்கில் ஜெர்மன் படையோடு ஊரில் சண்டை நடந்தபோது அம்மாவுக்குப் பதினேழு. இரண்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு ஓடையைத் தாண்டினாள். கொட்டகையைத் திறந்துவிட்டவர் மாய்லிஸின் அப்பா. போர்க்காலத்தில்கூட அந்தப்பக்கம் போய்வர வழி இருந்தது.

ஏப்ரல் 12, ஈஸ்டர் ஞாயிறு

இன்று ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன். பனி இன்னும் தாங்குகிறது. சறுக்குக் காலணியை மாட்டிக்கொண்டு ஓடையில் இறங்கிவிட்டேன். அம்மா பஞ்சகாலத்தில் பாவாடைக்குள் காபிக்கொட்டை கட்டிக்கொண்டு இதே பனியில் வந்தவள்தானே! நடுவில் போனதும் மாய்லிஸின் மஞ்சள் வீட்டுப் புகைபோக்கி தெரிந்தது. இன்னும் நாலு தள்ளுத் தள்ளினால் போதும்.

ரோந்துக்காரப் பெண் பனிவண்டியில் வந்து நின்றாள். பார்த்தால் முப்பது வயதுகூட இருக்காது. வையவில்லை.

"அம்மா, நீங்க தாண்டுனா நான் தடுக்கமாட்டேன். ஆனா வீட்ல யாராச்சும் உடம்பு முடியாம இருந்தா யோசிச்சுக்குங்க."

திரும்பிவிட்டேன். அவள் வைதிருந்தால் தாண்டியிருப்பேன்.

ஏப்ரல் 30, வியாழன்

மாய்லிஸ் தொலைபேசியில் கூப்பிட்டாள். பின்னணியில் பெட்டி கட்டும் சத்தம். சனிக்கிழமை இரண்டு மணிக்கு வேலியருகே வரச் சொன்னாள். எஸ்கோவுக்குப் புகையிலை கொண்டுவருவாளாம். என்னிடம் ரியெஸ்கா என்கிற எங்கள் தட்டை ரொட்டி கேட்டாள், மால்மோவில் அந்த ருசியில் எவன் சுடுவான் என்றாள்.

மே 2, சனி

அவள் வரவில்லை.

வாற்கோதுமை மாவு பிசைந்து, சுட்டு, துணியில் சுற்றி எடுத்துப்போனேன். அவள் சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போய் நின்றேன். ஆலங்கட்டியும் மழையும் கலந்து அடித்தது. பக்கத்தில் ஒரு தாத்தா கம்பியின் வழியாகப் பேத்தியின் விரலைத் தொட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு முழு மணி நேரம் காத்திருந்தேன். கூப்பிட்டேன், அவள் போன் எடுக்கவில்லை. ரொட்டி நனைந்து கூழாகிவிட்டது.

போகிறவளுக்கு மனசு முன்கூட்டியே போய்விட்டது போல. வேறென்ன?

மே 3

கூப்பிடமாட்டேன். அவள்தான் கூப்பிட வேண்டும்.

மே 6, புதன்

அவளும் கூப்பிடவில்லை. என்ன திமிர்! அறுபது வருடப் பழக்கம், ஒரு வார்த்தை சொல்ல முடியாதா? வர முடியல, முதுகு வலிக்குது, மழை பெய்யுது, எதையாவது சொல்லித் தொலையேன். நான் என்ன, கடன்காரியா, வேலியோரம் நின்று காத்திருக்க?

எஸ்கோ பாத்திரம் கழுவுகிறார். இந்த வீட்டில் அவர் பாத்திரம் கழுவினால் நான் தாங்க முடியாத அளவுக்குக் கத்துகிறேன் என்று அர்த்தம்.

மே 9, சனி

இன்று காலை எஸ்கோ ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ரெண்டு மணின்னா, யாரு மணி?"

அவள் மணி என்றேன். அங்கே இரண்டு என்றால் இங்கே மூன்று, மூன்றுக்குத்தான் போனேன். ஒன்றரை மாதமாக எல்லை தாண்டாமல் வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறவள், அவள் கடிகாரத்தைப் பார்த்துத்தானே சொல்லியிருப்பாள் என்று எண்ணிக்கொண்டேன்.

"கூப்பிட்டது அவதானே? கூப்பிடுறவ உன் மணியிலதான சொல்லுவா?"

விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

அவள் வழக்கம் மாறாமல் என் மணியில் சொல்லியிருக்கிறாள். மாற்றியவள் நான். என் இரண்டு மணிக்கு, ஆலங்கட்டியில், அந்த இடுப்போடு வந்து நின்றிருக்கிறாள். நான் அப்போது இதே சமையலறையில் ரொட்டிக்குத் துணி தேடிக்கொண்டிருந்தேன். தினமும் போய்வந்தவரைக்கும் இரண்டு ஊர் மணியும் தலைக்குள் தானாக ஓடிக்கொண்டிருந்தது. வேலி வந்து ஐம்பது நாளில் ஒன்று நின்றுபோய்விட்டது, நான் கவனிக்கவேயில்லை.

உடனே கூப்பிட்டேன். எடுத்ததும் சொன்னாள்: "முக்கால் மணி நேரம் நின்னேன்டி. போனை வீட்ல வெச்சுட்டுப் போயிட்டேன். நீ நோய்க்குப் பயந்துட்டன்னு நெனச்சேன். என்னைப் பாத்தா நோய் மாதிரி தெரியுதான்னு நெனச்சேன்."

பிறகுதான் பெட்டிகளுக்கு நடுவில் கிடந்த போனில் தவறிய அழைப்பைப் பார்த்தாளாம். சமாதானம் சொல்லக் கூப்பிட்டிருப்பேன் என்று வீம்பாக விட்டுவிட்டாளாம். நான் மணிக்கணக்கைச் சொன்னேன். அப்புறம் அவள் சிரித்த சிரிப்பில் எஸ்கோ பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை, அழுதேன்.

மே 14, வியாழன்

நாளை லாரி வருகிறது. இன்று வேலியருகே போனேன், இரண்டு கடிகாரத்தையும் சொல்லி வைத்துக்கொண்டு.

மாய்லிஸ் பச்சைக் குல்லாயில் வந்தாள், கையில் மட்டை. அவள் கோட்டுப் பையிலிருந்து சிவப்புப் பந்து வெளியே வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பனி கரைந்து பத்து நாளாகிறது, வெறும் கல்தரை. என் ரப்பர் பூட்ஸைக் கழற்றி இரண்டு பக்கமும் கோல் கம்பமாக வைத்தேன். கம்பி வேலிக்கும் தரைக்கும் நடுவில் ஒரு பந்து நுழைகிற சந்து இருந்தது. காலுறையோடு நான் நிற்க, சுற்றி நின்றவர்கள் விலகி இடம் விட்டார்கள். ஓடையில் என்னைத் திருப்பி அனுப்பிய அந்தப் பெண்ணும் இருந்தாள். தலையை வேறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

மாய்லிஸ் வலது பக்கம் போக்குக் காட்டினாள். இத்தனை வருடமும் அப்படித்தான், வலதில் காட்டி இடதில் அடிப்பாள். இடதில்தான் வந்தது. என் முட்டி என்னைக் கேட்காமலே மடங்கியது. பந்து கைக்குள்.

"கடைசி நாள்டி. ஒரு கோல் விட்டாத்தான் என்ன?"

"விட்டா உனக்குத் தெரிஞ்சுடும். தெரிஞ்சா அழுவ."

நான் கோல் விடாமலே அவள் அழுதாள்தான். பந்தை நானே வைத்துக்கொள்ளச் சொன்னாள். ரொட்டியைக் கம்பிக்கு மேலாகக் கொடுத்தேன், புகையிலை டப்பாக்கள் மேலாக வந்தன. தொடவில்லை. எஸ்கோவுக்காக அவள் கையைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்து என் கையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 15

மஞ்சள் வீட்டில் திரைச்சீலை இல்லை.

மார்ச் 27, 2021, சனி

எல்லை இன்னமும் மூடித்தான் கிடக்கிறது. ஆனாலும் இன்று ஆடினோம். யோசனை ஹாபராண்டாப் பெண்களுடையது: அவர்கள் பாதியில் அவர்கள், எங்கள் பாதியில் நாங்கள், கோட்டை யாரும் தாண்டக்கூடாது, பந்து மட்டும் தாண்டலாம். பந்துக்கு யாரும் தனிமைப்படுத்தல் சொல்லவில்லையே! ரோந்து வண்டி கரையில் நின்று கடைசிவரை பார்த்தது. எஸ்கோ மடக்கு நாற்காலியில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, வாயில் புகையிலையோடு எல்லோருக்கும் யோசனை சொன்னார்.

மாய்லிஸின் பந்தைத்தான் ஆட்டத்துக்குக் கொடுத்தேன்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் என் சட்டைப்பையில் போன் அடித்தது, மாய்லிஸ்தான். இரண்டு மணிக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாள், என் மணியில். நான் மறக்கவில்லை. ஆட்டத்தின் நடுவில் கோல் காப்பவள் போன் எடுக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டுப் போனைக் காதில் வைத்தேன். அவளுக்குப் பின்னால் பேரப்பிள்ளைகளின் சத்தம். அங்கே குரோக்கஸ் பூத்துவிட்டதாம், பனியே இல்லையாம், சகிக்க முடியவில்லையாம். கால் மணி நடையில் இருந்தபோதும் அவள் எனக்கு ஒரு மணி நேரம் பின்னால்தான் இருந்தாள். ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தள்ளிப் போயும் அதே ஒரு மணி நேரம்தான்.

அப்போதுதான் எதிர்ப் பாதியிலிருந்து யாரோ நீளமாக ஒன்று அடித்தார்கள். இடது பக்கம். என் இடது கையில் போன் இருந்தது. போனைப் போட்டுவிட்டுப் பாய்ந்திருக்கலாம். பாயவில்லை.

எல்லோரும் 'கோல்' என்று கத்தியது மால்மோவரை கேட்டுவிட்டது.

"என்னடி சத்தம்? யாரு போட்டா?"

நீதான் என்றேன்.

நாங்கள் ஒன்றுக்கு மூன்று என்று தோற்றோம். எஸ்கோ சாயங்காலம்வரை என்னிடம் பேசவில்லை.